மறு: ‘டாஸ்க் அலொகேஷன்’ – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

கிருஷ்ணகிரியிலிருந்து:

வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பல ரோபோக்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பதற்கும், ஒன்று நடுவில் நின்றுபோனால் அதன் வேலையை மற்றவை எடுத்துக்கொள்வதற்கும் சொல் தேவை. ‘பணி ஒதுக்கீடு’ என்று எழுதி வகுப்பில் படித்துக் காட்டினேன். “ரோபோவுக்கும் இட ஒதுக்கீடு வந்துவிட்டதா, சார்?” என்றான் கடைசி வரிசைப் பையன். அதோடு அந்தச் சொல் போயிற்று.

தருமபுரியிலிருந்து:

போனது நல்லதுதான். ஒதுக்குவது என்றாலே ஓரங்கட்டுவது. ‘பங்கீடு’ ரேஷன் கடைச் சொல். 517ஆம் குறள் ‘அதனை அவன்கண் விடல்’ என்றே முடிகிறது. இன்றும் மாங்காய் பறிக்க ‘ஆள் விட்டிருக்கிறேன்’ என்கிறோமே, அதே விடல். ஆகவே ‘வினைவிடல்’. ரோபோவும் வேண்டாம். 1920இல் எழுதப்பட்ட செக் நாடகத்திலிருந்து வந்த சொல் அது. வேர் ‘ரோபோட்டா’, கட்டாய உழைப்பு. நம்மிடம் ‘ஏவு’ இருக்கிறது, ‘ஏவலன்’ என்போம்.

ஓசூரிலிருந்து:

ஐயா, ஏவலன் என்றால் எங்கள் தெருவில் பில்லி சூனியம் எடுப்பவரைக் கூட்டிவந்துவிடுவார்கள். ‘வினைவிடல்’ என்று கேள்வித்தாளில் வந்தால் வேலையை விட்டுவிடுவது என்றுதான் மாணவன் எழுதுவான். ‘ஆளை விடு’ என்பதும் அதே விடல்தானே?

சொல்லுக்கு முன் பொருளைப் பார்ப்போம். எந்த வேலைக்கு எவன் என்று ஆராய்ந்து ஒப்படைக்கச் சொல்கிறது குறள். 1955இல் ஹெரால்ட் கூன் என்ற கணிதவியலாளர் தந்த ஹங்கேரிய முறையும், மொத்தச் செலவு குறையும்படி ஆளுக்கொரு வேலையைப் பொருத்துகிறது. ஆள் விழுந்தால் கணக்கை மறுபடி போட வேண்டும். ரோபோ ஆய்வாளர் லின் பார்க்கர் 1998இல் எழுதிய ‘அலையன்ஸ்’ என்ற வேலைப் பகிர்வு முறை வேறு வழியில் போகிறது. உங்கள் மாங்காய் பறிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மேஸ்திரி இல்லை. பக்கத்து மரத்தடியில் கூடை வெகுநேரம் நிரம்பாமல் கிடந்தால், பார்த்துக்கொண்டிருப்பவன் பொறுமையிழந்து தானே தொரட்டியை எடுத்துக்கொண்டு போகிறான். தன் கூடை நிரம்பாதவனும் பிடிவாதம் பிடிக்காமல் விலகுகிறான். ‘பொறுமையிழப்பு’, ‘விட்டுக்கொடுப்பு’ என்று இரண்டு சொற்கள் போதும். பாருங்கள், உங்கள் ‘விடல்’ வேலை கொடுப்பவனிடம் இல்லை, வேலையை விடுகிறவனிடம் போய்ச் சேருகிறது!

கிருஷ்ணகிரியிலிருந்து:

அந்த இரண்டும் அப்படியே உள்ளே போகின்றன. ‘ஃபெய்லியர்’ என்பதற்குத் ‘தோல்வி’ வேண்டாம். பேட்டரி தீர்ந்த ரோபோ யாரிடமும் தோற்கவில்லை. ‘செயலிழப்பு’ என்கிறேன். வேலையை எடுத்துக்கொள்ளும் ரோபோவை ‘மாற்றாள்’ எனலாமா?

தருமபுரியிலிருந்து:

அகராதியைப் புரட்டுங்கள். மாற்றாள் என்றால் சக்களத்தி.

கிருஷ்ணகிரியிலிருந்து:

சரி, ‘பதிலி’. தலைப்பு: ‘செயலிழப்பைத் தாங்கும் பணிப்பங்கீடு’. நின்றபின் நடப்பது ‘மறுபங்கீடு’. மணி பதினொன்றாகிறது, அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

தருமபுரியிலிருந்து:

எனக்கு ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். ரேஷன் கடையை அடித்துவிட்டு, ‘வினைவிடல்’ என்று பேனாவால் எழுதிக்கொள்கிறேன்.