வெயில் வந்தால் கேமராவில் கருவிழி வெளுத்துப் போகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டில் சின்னக் கலைக் கண்காட்சி வைக்கிறோம், சனிக்கிழமை திறப்பு. வருபவர் தாடையை வைத்ததும் கேமரா கண்ணைப் படமெடுத்து, கருவிழியைச் சுவர் முழுக்க புரொஜெக்டரில் காட்ட வேண்டும். இரவில் அருமையாக வருகிறது. காலை 10 மணிக்கு மேல் அஞ்சடிப் (கடைவாசல் நடைபாதை) பக்கம் வெயில் ஏறினால், படத்தில் கண்ணுக்குள் ஜன்னலின் பிரதிபலிப்புதான் தெரிகிறது. செவ்வாய்க்கிழமையிலிருந்து இதே கதை.

பயன்படுத்துவது ராஸ்பெரி பை 4 (சின்னக் கணினி), நோஐஆர் கேமரா மாட்யூல் 2 (அகச்சிவப்பைத் தடுக்காத கேமரா), கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி தரும் 850 நானோமீட்டர் எல்இடி இரண்டு. வெள்ளை விளக்கு சரிவராது. நம் பழுப்புக் கண்ணில் மெலனின் அதிகம், படத்தில் வெறும் கறுப்பாகத்தான் விழும். அகச்சிவப்பில்தான் இழை இழையாகத் தெரிகிறது. (முதல் நாள் என் கண்ணையே பார்த்து அசந்துபோனேன்!)

எக்ஸ்போஷரை (கேமரா ஒளியை வாங்கும் நேரம்) குறைத்துப் பூட்டிவிட்டேன், பலனில்லை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினேன். அறை புழுங்குகிறது என்று வீட்டுக்காரர் கழற்றச் சொல்லிவிட்டார். சாதாரண வெளிச்சத்தைத் தடுக்கும் ஃபில்டர் போட்டும் கொஞ்சம்தான் குறைந்தது. வெயிலிலேயே அகச்சிவப்பு இருக்கிறதே.

ஜன்னலை மூடாமல் சமாளிக்க, 850-ஐ மட்டும் விடும் பேண்ட்பாஸ் ஃபில்டர் போதுமா, இல்லை எல்இடியையே 940 நானோமீட்டருக்கு மாற்றணுமா?