பலாவ் தன் கடலில் 80 சதவீதத்தை எப்படி மூடியது?

கடல்மாணவி:
வணக்கம். கடல் உயிரியல் படிக்கிறேன். 2015-ல் சட்டம் போட்டு, 2020 ஜனவரி 1 முதல் பசிபிக் தீவு நாடான பலாவ் தன் பொருளாதார மண்டலத்தில் (கரையிலிருந்து 200 கடல் மைல் வரை மீன்பிடி உரிமை உள்ள கடலில்) 80 சதவீதத்தை மீன்பிடிக்கு மூடியது. ஏறக்குறைய 5 லட்சம் சதுர கிலோமீட்டர்! 20,000 பேர்கூட இல்லாத நாட்டில் மக்கள் எப்படி ஒப்புக்கொண்டார்கள்?

முத்துக்குளி:
அங்கே மூன்று வருஷம் டைவிங் வழிகாட்டியாக இருந்தேன். அவர்களிடம் 'புல்' என்ற பழைய வழக்கம் உண்டு. மீன் முட்டையிடும் காலத்தில் ஊர்த் தலைவர்கள் ஒரு பவளத்திட்டை மூடினால் யாரும் அங்கே வலை போட மாட்டார்கள். எங்கள் படகோட்டி, 'தாத்தா காலத்திலேயே இதுதான்' என்பார். சட்டம் அந்தப் பழக்கத்தின் மேல் நிற்கிறது. மேலிருந்து திணித்திருந்தால் ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்காது.

உப்புக்காற்று:
காவலுக்குப் பணம்?

முத்துக்குளி:
2018 முதல் வெளிநாட்டுப் பயணிகளின் விமான டிக்கெட்டிலேயே 100 டாலர் கட்டணம் சேர்த்தார்கள். கொரோனாவில் பயணிகள் நின்றதும் அந்த வரவும் நின்றது. ஒரே வருமானத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

அப்புறம் சூரை மீன். ஊர்க்காரர்கள் சூரையைச் சாப்பிட்டால் பவளத்திட்டு மீன் பிழைக்கும் என்பது கணக்கு. வெளிநாட்டுப் படகுகள் போனபின், மூடாத 20 சதவீதக் கடலில் சூரையைப் பிடித்துவர உள்ளூரில் படகும் ஐஸும் வேண்டுமே! உங்கள் ஆய்வில் இதைத் தயவுசெய்து எடுங்கள்.

கடல்மாணவி:
நன்றி அண்ணா, சூரையிலிருந்தே தொடங்குகிறேன்.