புதுப்பிப்பு: கொதியில் ஹாப்ஸ் போடும் நேரம், ஒரு திருத்தம்

முந்தைய இழையில் 20 லிட்டர் அமெரிக்கன் பேல் ஏல் பீருக்கு ஹாப்ஸை (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) 60, 15, 5 நிமிடத்தில் போட வேண்டும் என்று எழுதியிருந்தேன். அது கொதி முடிய இன்னும் எத்தனை நிமிடம் இருக்கிறது என்ற கணக்கு. கொதி தொடங்கியதிலிருந்து எண்ணுவதல்ல. தலைகீழாக எண்ணினால் கசப்பும் மணமும் இடம் மாறிவிடும். இதை அங்கேயே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

28 கிராம் கேஸ்கேட் வகை ஹாப்ஸ், அதில் கசப்புக்கு மூலமான ஆல்ஃபா அமிலம் 6%, வோர்ட்டின் (பீராகப் புளிக்கவைக்கும் மால்ட் சாறு) அடர்த்தி 1.050 என்றால், கசப்பைக் கணிக்கும் டின்செத் சூத்திரப்படி 60 நிமிடத்தில் சுமார் 19 ஐபியு (கசப்பின் அலகு) கிடைக்கும். 15 நிமிடத்தில் பாதிதான். 5 நிமிடத்தில் 4கூட வராது. ஆல்ஃபா அமிலம் உருமாறிக் கரைந்தால்தான் கசப்பு. அதற்கு நேரம் வேண்டும். மணம் தரும் எண்ணெயோ நீராவியோடு பறந்துவிடும், ஆகவே அதைக் கடைசியில் போடுகிறோம்.

முதல் ஹாப்ஸை நுரை பொங்கி அடங்கிய பிறகே போடுங்கள். பொங்கும்போது பெல்லட்டை (அழுத்திச் செய்த ஹாப்ஸ் துண்டுகள்) கொட்டினால் பானை வழிந்துவிடும்.

இன்னொன்று: அடுப்பை அணைத்ததும் போடும் ஹாப்ஸும் கசக்கும். வோர்ட் 90 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை உருமாற்றம் நிற்காது. மணம் மட்டும் போதுமென்றால் 75–80 டிகிரிக்கு ஆறவிட்டுப் போட்டு, 20 நிமிடம் ஊறவிட்டு, உடனே குளிரவையுங்கள். மெதுவாக ஆறும் பெரிய பானையில் இது மிக முக்கியம்.