ரோசேசியான்னு சொல்லிட்டாங்க, முகத்துக்கு என்ன போடலாம்?

அடுப்படி_அக்கா, திருச்சி:

எல்லாருக்கும் வணக்கம். வயசு 41, மாநிறம். சின்னதா ஒரு மெஸ் நடத்துறேன். விடியக்காலை இட்லியில இருந்து மதியச் சாப்பாடு முடியற வரைக்கும் அடுப்பு முன்னாடிதான். ரெண்டு கன்னமும் மூக்கும் திகுதிகுன்னு எரியுது. தொட்டா சுடுது, நடுநடுவே சின்னக் கொப்புளம் வேற. பருன்னுதான் எல்லாரும் சொல்லிட்டிருந்தாங்க. தோல் டாக்டர் பார்த்துட்டு ரோசேசியான்னு, அதாவது முகம் அடிக்கடி சிவந்து எரியற தோல் நோய்னு சொல்லி, மெட்ரோனிடசோல்ங்கிற பூசுற ஜெல் எழுதிக் கொடுத்தார். கூடவே மென்மையான ஃபேஸ் வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன் வாங்கிக்கச் சொன்னார். கடையில ஒரு அலமாரி முழுக்க ‘சென்சிட்டிவ் ஸ்கின்’னு எழுதி வச்சிருக்காங்க. எதைப் பார்த்து எடுக்கிறது? பயத்தமாவு, கஸ்தூரி மஞ்சள் பூசலாமா? காபியை விட்டுடணுமா? சாயங்காலம் ஆனா கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்துது, அதுவும் இதுதானா?

தோட்டக்காரி, தஞ்சாவூர்:

அக்கா, வீட்டுல கற்றாழை இருந்தா வெட்டி அப்படியே தடவுங்க. குளுகுளுன்னு இருக்கும். எங்க வீட்டுல வேர்க்குருவுக்கு அதுதான்.

வெயில்_டீச்சர், மதுரை:

அக்கா, எனக்கும் இதே ரோசேசியாதான். பள்ளிக்கூட மைதானத்துல பிள்ளைகளோட வெயில்ல நிக்கிற வேலை. நம்ம நிறத்துல சிவப்பு பளிச்சுன்னு தெரியாது. கன்னம் கறுத்து மங்கின மாதிரிதான் இருக்கும். அதனாலதான் நிறைய பேருக்குப் பருன்னே மருந்து ஓடுது. உங்க டாக்டர் கண்டுபிடிச்சது பெரிய விஷயம்.

முதல்ல கண்ணைச் சொல்லிடறேன். ரோசேசியா கண்ணுக்கும் வரும். உறுத்தல், இமையோரம் வீக்கம், அடிக்கடி கண்கட்டி எல்லாம் அதோட அடையாளம். கண் டாக்டரைப் பாருங்க, முகத்துக்கு ரோசேசியான்னு சொன்னதையும் அவர்கிட்ட சொல்லுங்க. வலியோ, வெளிச்சம் பார்த்தா கூச்சமோ, பார்வை மங்கலோ இருந்தா அன்னைக்கே போயிடுங்க.

கடையில டப்பாவைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்துல இருக்கிற பட்டியலைப் படிங்க. மென்தால், கற்பூரம், யூகலிப்டஸ், டீனேச்சர்டு ஆல்கஹால், கிளைகோலிக் ஆசிட், வாசனைப் பொருள் இதுல எது இருந்தாலும் கீழே வச்சிடுங்க. ‘ஜில்’லுன்னு இருக்குன்னு விக்கிற சரக்குல பெரும்பாலும் மென்தால்தான் இருக்கும், நமக்கு அது எரிச்சல். கிளிசரின், செராமைடு, பெட்ரோலாட்டம் இருந்தா நல்லது. நியாசினமைடு பலருக்கு ஒத்துக்கும், அளவு கூடினா சிலருக்கு முகம் சிவக்கும். 10 சதவீத சீரமெல்லாம் இப்ப வேண்டாம்.

சாதாரணக் குளியல் சோப்போட பிஹெச், அதாவது அமில-கார அளவு, 9, 10-ன்னு இருக்கும். தோலுக்கு 5 பக்கம். அதனால சோப்புத்தன்மை இல்லாத க்ளென்சர் வாங்குங்க. எனக்கு செட்டாஃபில்ங்கிற பிராண்டு ஒத்துக்கிட்டது, உங்களுக்கு வேறொண்ணு ஒத்துக்கலாம். எதை வாங்கினாலும் காதுக்குப் பின்னால கொஞ்சம் தடவி ரெண்டு மூணு நாள் பாருங்க. மூணு பொருளையும் ஒரே நாள்ல ஆரம்பிக்காதீங்க. எரிஞ்சா எதனாலன்னு தெரியாமப் போயிடும்.

கோடைல மத்தியானம் மேல்நிலைத் தொட்டித் தண்ணியே கொதிக்கும். காலைலயே ஒரு வாளி பிடிச்சு நிழல்ல வச்சு, அந்தத் தண்ணியில முகம் கழுவுங்க. விரல் நுனியால மட்டும் கழுவி, மெத்துன்னு துணியால ஒத்தி எடுங்க. வேர்வையை முந்தானையால அழுத்தித் துடைக்கிற பழக்கம் நம்ம எல்லாருக்கும் உண்டு, அதை விடணும். முகம் காய்ஞ்ச பிறகு டாக்டர் கொடுத்த ஜெல், அதுக்கு மேல மாய்ஸ்சரைசர்.

பயத்தமாவு தேய்க்கும்போது உரசும். கஸ்தூரி மஞ்சள், எலுமிச்சை, பன்னீர் எல்லாம் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். ஆவி பிடிக்கிறதும் கூடாது. கற்றாழை சொன்ன தோழி நல்ல மனசோடதான் சொன்னாங்க, ஆனா வெட்டின இடத்துல வடியற மஞ்சள் பால் தோலை அரிக்கும். இப்ப இருக்கிற கன்னத்துல அதை வச்சுச் சோதிக்க வேண்டாம்.

காபியை விட வேண்டாம், ஆறவச்சுக் குடிங்க. அமெரிக்காவுல 82,737 செவிலியர் பெண்களைத் தொடர்ந்து கவனிச்ச ஆய்வு 2018-ல வந்தது. காஃபின் உள்ள காபி அதிகம் குடிச்சவங்களுக்கு ரோசேசியா குறைவாத்தான் வந்திருந்தது. சூடுதான் நமக்கு ஆகாது. காரமும் அப்படித்தான்: 43 டிகிரிச் சூட்டுக்கு விழிச்சுக்கிற நரம்பு உணர்வியையே மிளகாயில இருக்கிற கேப்சைசினும் எழுப்பிவிடும். ஆனா எல்லாருக்கும் எல்லாமும் தூண்டாது. சாப்பிட்டது, வெயில்ல நின்னது, எரிஞ்ச நேரம், மூணையும் ஒரு நோட்டுல குறிச்சுட்டு வாங்க. உங்களுக்கு ஆகாததை மட்டும் விட்டாப் போதும்.

உங்க விஷயத்துல கிரீமைவிட அடுப்புதான் பெரிசுன்னு நினைக்கிறேன். புகை இழுக்கிற ஃபேன் வைங்க, ரசம் கொதிக்கும்போது முகத்தை நீட்டி எட்டிப் பார்க்காதீங்க, முடிஞ்சப்போ வெளியே வந்து ஈரத்துணியை ஒத்துங்க. வாயில சின்னப் பனிக்கட்டி போட்டுக்கிட்டா சூடு ஏறுறது கொஞ்சம் அடங்கும். பனிக்கட்டியை முகத்துல நேரா வைக்காதீங்க.

மருந்துக்கடை_அண்ணன், சேலம்:

டீச்சர் சொன்னதோட இதையும் சேர்த்துக்கங்கம்மா. ‘முகம் எரியுது’ன்னு கேட்டா பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசோல் கலந்த ட்யூபை எடுத்துக் கொடுக்கிற கடைகள் இன்னமும் இருக்கு. 2018-லயே இந்த ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு விதி கொண்டுவந்தாச்சு. போட்டதும் முகம் பளபளன்னு அடங்கும், நிறுத்தினதும் முன்னைவிட மோசமாக் கிளம்பும். ஸ்டீராய்டே ரோசேசியா மாதிரி ஒண்ணை உண்டாக்கும். யாராவது ஏற்கனவே போட்டுட்டிருந்தா, தானா சட்டுன்னு நிறுத்தாம டாக்டர்கிட்ட காட்டிக் குறைச்சுக்கிட்டு வாங்க.

அடுப்படி_அக்கா:

ரொம்ப நன்றி. கண் டாக்டர்கிட்ட வெள்ளிக்கிழமை போறேன். சன்ஸ்க்ரீன் மட்டும் புரியலை. ஜிங்க் ஆக்சைடு கலந்தது நல்லதுன்னாங்க, போட்டா சுண்ணாம்பு பூசின மாதிரி தெரியுது. அடுப்படியிலயும் போடணுமா?

வெயில்_டீச்சர்:

நிறம் சேர்த்தது கிடைக்கும்கா, ‘டின்டட்’னு எழுதியிருக்கும். அதுல அயர்ன் ஆக்சைடு இருக்கிறதால நம்ம நிறத்தோட ஓரளவு ஒட்டிப்போகும். எஸ்பிஎஃப், அதாவது வெயிலைத் தடுக்கிற அளவு, 30-க்குக் குறையாம எடுங்க. அடுப்புச் சூட்டை சன்ஸ்க்ரீன் தடுக்காது, அது வெயிலுக்குத்தான். காலைல மார்க்கெட்டுக்குக் கிளம்புற முன்னாடி போடுங்க, ரொம்ப நேரம் வெளியே இருந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் மறுபடி. குடையும் எடுத்துக்கங்க.