ஆயில் முள் எப்போது இறங்குகிறது?

குழு: நம்ம குடும்பம்

சனிக்கிழமை

நான்: பெரியப்பா, புதிதாக வாங்கிய பழைய லாரியில் ஆயில் பிரஷர் முள் சரியாக நிற்கவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நன்றாக ஏறுகிறது. லோடோடு மேடு ஏறும்போது சரசரவென்று இறங்கிவிடுகிறது. நேற்று சிவப்பு விளக்கும் எரிந்து அணைந்தது.

மாமா: மாப்பிள்ளை, பழைய என்ஜின்தானே, பேரிங் தேய்ந்திருக்கும். 15டபிள்யூ-40 ஆயிலுக்குப் பதில் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்று. முள் தானாக ஏறும்.

பெரியப்பா: மச்சான், கொஞ்சம் பொறுங்கள். கெட்டி ஆயில் ஊற்றினால் முள் ஏறும், பழுது அப்படியே இருக்கும். குளிர்ந்த என்ஜினில் அது மேலே போய்ச் சேரவும் நேரமாகும்.

பெரியப்பா: தம்பி, இனி அந்த வண்டியை ஓட்டாதே. சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே ஓரம் கட்டி என்ஜினை அணைத்துவிட வேண்டும். பல என்ஜின்களில் பிரஷர் 10 பிஎஸ்ஐக்கும் (பிஎஸ்ஐ என்பது அழுத்தத்தின் அலகு) கீழே போன பிறகுதான் அந்த விளக்கே எரியும். டர்போ உள்ள வண்டியில் எண்ணெய் குறைந்தால் டர்போ சீக்கிரமே போய்விடும்.

அக்கா: ஆயில் அளவு பார்த்தாயா?

நான்: பார்த்தேன் அக்கா. சமதளத்தில் நிறுத்தி, அணைத்து, கொஞ்ச நேரம் கழித்துத்தான் டிப்ஸ்டிக்கை எடுத்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஆனால் நல்ல கறுப்பு.

பெரியப்பா: டீசல் என்ஜினில் கறுப்பை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. புது ஆயிலே கரி சேர்ந்து சீக்கிரம் கறுத்துவிடும். முகர்ந்து பார். டீசல் வாசனை அடித்து, அளவும் தானாகக் கூடிக்கொண்டே போனால், இன்ஜெக்டரோ ஃபீட் பம்போ ஒழுகி டீசல் ஆயிலில் இறங்குகிறது. நீர்த்த ஆயிலில் பிரஷர் நிற்காது. அப்புறம் ஒரு சொட்டைச் சூடான தகட்டில் விடு. படபடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது, ஆயில் கூலரையோ ஹெட் கேஸ்கெட்டையோ பார்க்க வேண்டும்.

நான்: வாசனை இல்லை. தகட்டில் சத்தமில்லாமல் புகைந்தது, அவ்வளவுதான்.

பெரியப்பா: நல்லது. நாளைக்கு மெக்கானிக்கல் கேஜ், அதாவது சென்சார் இல்லாமல் ஆயில் பிரஷரை நேராகக் காட்டும் மீட்டர், மாட்டு. சென்சார் பழுதைப் பேரிங் பழுதென்று நினைத்து என்ஜினையே இறக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். சென்சாரைக் கழற்றி அதே ஓட்டையில் கேஜை மாட்டு, மரை சரியாகப் பொருந்த வேண்டும். என்ஜின் முழுச் சூடு ஏறிய பிறகு ஐட்லிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) ஓர் அளவு, 1000 ஆர்பிஎம்மில் ஒன்று, 2000-இல் ஒன்று. சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுதான் கணக்கு. புத்தகம் இல்லையென்றால் 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐயாவது வேண்டும் என்பார்கள், அது தோராயம்தான். அளப்பதற்கு மேல் ஒரு நிமிஷம்கூட ஓட விடாதே.

ஞாயிற்றுக்கிழமை

நான்: [படம்]
சூட்டில் ஐட்லிங் 24 பிஎஸ்ஐ. 1000-இல் 30. 1800 தாண்டியதும் ஏறவில்லை, 18-க்கு இறங்கி முள் நடுங்குகிறது. அணைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் மறுபடி நன்றாக இருக்கிறது.

மாமா: ரேஸ் கொடுத்தால் கூடத்தானே வேண்டும்?

பெரியப்பா: அதுதான் விஷயம் மச்சான். எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எப்போது இறங்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பேரிங் தேய்ந்திருந்தால் இடைவெளி வழியாக எண்ணெய் வழிந்துபோகும். சூட்டில், ஐட்லிங்கில் முள் கீழே கிடக்கும். ரேஸ் கொடுத்தால் பம்ப் வேகமாக ஓடி ஈடுகட்டும், முள் ஏறும். அதிகப்படி பிரஷரை வெளியே விடும் ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டால் பிரஷர் எப்போதுமே குறைவாக இருக்கும்.

இங்கே தலைகீழ். ஐட்லிங்கில் சரியாக இருந்து வேகத்தில் இறங்குகிறது. பம்ப் கேட்கும் அளவுக்கு எண்ணெய் அதற்குக் கிடைக்கவில்லை. என்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள், பம்ப் ஆயிலை உறிஞ்சும் இடத்தில் இருக்கும் ஸ்ட்ரெய்னர் வலையைக் கசடு அடைத்திருக்கிறது, வண்டி நின்றதும் அதில் கொஞ்சம் உதிர்ந்து வழி விடுகிறது. இல்லையென்றால் உறிஞ்சும் குழாயில் விரிசல், அல்லது அதன் ஓ-ரிங் கெட்டிப்பட்டுக் காற்று இழுக்கிறது. முள் நடுங்குவதால் அதையும் பார்த்துவிட வேண்டும்.

மாமா: அப்படியானால் ஃபிளஷிங் ஆயிலோ கொஞ்சம் மண்ணெண்ணெயோ ஊற்றி ஓட விட்டால் கரைந்து வந்துவிடுமே?

பெரியப்பா: தயவுசெய்து வேண்டாம். என்ஜினின் மேல்மூடியான டாப்பெட் கவரில் ஒட்டிக்கிடக்கும் கசடெல்லாம் கட்டியாகப் பெயர்ந்து நேராக அந்த வலைக்குத்தான் வரும். பாதி அடைப்பு முழு அடைப்பாகும். மண்ணெண்ணெய் கலந்த ஆயில் பேரிங்கையும் காப்பாற்றாது. நன்றாக இருந்த என்ஜின்கள் இப்படித்தான் போயிருக்கின்றன, அதனால்தான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன். சம்ப்பை இறக்கிக் கையால் சுத்தம் செய்வதுதான் வழி.

அக்கா: தம்பி, சம்ப் கனமாக இருக்கும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதே, ஸ்டாண்டு வை.

நான்: சரி அக்கா.

புதன்கிழமை

நான்: [படம்] [படம்]
பெரியப்பா, வலையில் முக்கால்வாசி தெரியவே இல்லை. விரலால் வழித்தால் தார் மாதிரி இழுக்கிறது. நடுவில் நீல நிறத்தில் ரப்பர் துண்டுகளும் இருக்கின்றன.

பெரியப்பா: அது சிலிகான் கேஸ்கெட் பசை. முன்பு யாரோ சம்ப்பை மாட்டும்போது அதிகமாகப் பூசியிருக்கிறார்கள். உள்பக்கம் பிதுங்கியது காய்ந்து உதிர்ந்து வலைக்கு வந்துவிட்டது. நீ மாட்டும்போது மெல்லிய கோடு போதும். ஓ-ரிங்கைக் கண்டிப்பாக மாற்று.

சம்ப் கீழே இருக்கும்போதே ஒரு மெயின் பேரிங் கேப்பையும் ஒரு கனெக்டிங் ராடு கேப்பையும் கழற்றிப் பார். மாட்டும்போது புத்தகத்தில் உள்ள டார்க், அதாவது முறுக்கு விசை, வைத்து முறுக்கு. பழைய ஃபில்டரையும் வெட்டி, காகித மடிப்பை விரித்துக் காந்தம் காட்டு.

நான்: [படம்]
பேரிங் இரண்டும் ஒரே சீராகச் சாம்பல் நிறம். செம்பு நிறம் எங்கும் தெரியவில்லை. ஃபில்டரில் கறுப்புக் குழம்புதான், காந்தத்தில் எதுவும் பெரிதாக ஒட்டவில்லை.

பெரியப்பா: மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது தம்பி. செம்பு தெரிந்திருந்தால் மேல்பூச்சு போய்விட்டது என்று அர்த்தம், மாற்றியே ஆக வேண்டும். ப்ரீதர் குழாயை ஊதிப் பார்த்தாயா?

நான்: ஊதினால் காற்றே போகவில்லை.

பெரியப்பா: கசடுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. என்ஜினுக்குள் சேரும் ஈரமும் புகையும் அதன் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அது அடைந்தால் எல்லாம் ஆயிலிலேயே தங்கும். கூடவே மணிக்கணக்கில் ஐட்லிங், சூடு ஏறும் முன்பே அணைக்கிற குறுகிய ஓட்டம், தள்ளித் தள்ளிப் போட்ட ஆயில் மாற்றம் எல்லாம் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். டாப்பெட் கவரையும் கழற்றி, துணியால் துடைத்து எடு. ஆயில் திரும்பி இறங்கும் ஓட்டைகளை முதலில் துணி வைத்து அடைத்துவிடு, கட்டி உள்ளே விழக் கூடாது. முடித்ததும் அந்தத் துணியை எடுக்க மறக்காதே.

வெள்ளிக்கிழமை

பெரியப்பா: மாட்டியாகிவிட்டதா? உடனே ஸ்டார்ட் செய்யாதே. என்ஜினுக்கு டீசல் போகாமல் நிறுத்தும் ஸ்டாப்பை இழுத்துப் பிடித்தபடி ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்று. கேஜில் முள் எழுந்த பிறகு என்ஜினை ஓட விடு.

நான்: [படம்]
முள் எழுந்த பிறகுதான் விட்டேன். சூட்டில் ஐட்லிங் 26, 2000-இல் 48. நடுக்கம் இல்லை.

அக்கா: அப்பாடா!

மாமா: அருமை மாப்பிள்ளை. அடுத்த ஆயில் மாற்றம் வழக்கமான கணக்குதானே?

பெரியப்பா: இல்லை மச்சான். உள்ளே கைக்கு எட்டாத கசடு இன்னும் இருக்கும். நல்ல டீசல் ஆயில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும், அதுவரை பாதி தூரத்திலேயே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். ஒவ்வொரு ஃபில்டரையும் வெட்டிப் படம் அனுப்பு தம்பி. மடிப்பு சுத்தமாக வந்த பிறகு வழக்கமான கணக்குக்குப் போகலாம். கேஜையும் அதுவரை கழற்ற வேண்டாம்.

நான்: சரி பெரியப்பா. கேஜ் குழாய் எதிலும் உரசாமல் இப்போதே கிளிப் போட்டுவிடுகிறேன்.