தேயிலைக் கவாத்துக்கு முன் ஒரு சுற்று மருந்து அடிக்கலாமா?

கேள்வி:
எங்கள் தேயிலைச் செடிகளைக் கவாத்து செய்து (கிளைகளை வெட்டிவிட்டு) இது நான்காம் வருடம். பென்சில் பருமனுள்ள கிளைகளில் குண்டூசித் தலை அளவுக்குத் துளைகள். கொழுந்து பறிக்கும்போது அந்த இடத்திலேயே கிளை முறிகிறது. சாலையோரச் செடிகளில் முதிர்ந்த இலைகள் செம்பு நிறமாகிவிட்டன. கவாத்துக்கு முன் மருந்து அடிக்கலாமா? வெட்டிய கிளைகளை எரிக்க வேண்டுமா?

பதில் 1:
இரண்டும் வேண்டாம். அந்தத் துளைகளைப் போடும் துளைப்பான் வண்டு மரத்தைத் தின்பதில்லை. சுரங்கத்துக்குள் பூஞ்சணம் வளர்த்து அதைத்தான் தின்கிறது. மேலே தெளிக்கும் மருந்து உள்ளே இருக்கும் புழுவை எட்டாது, வெளியே திரியும் ஒட்டுண்ணிக் குளவிகளைத்தான் கொல்லும். இலங்கையில் இதே வண்டுக்கு டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்தை அடித்தபோது இலைச்சுருட்டுப் புழு பெருகியது. அந்தப் புழுவை அடக்கி வைத்திருந்தது 1930களில் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்ட மாக்ரோசென்ட்ரஸ் குளவி; மருந்தில் அது செத்துப்போனதே காரணம்.

45–60 செ.மீ. உயரத்தில் நடுத்தரக் கவாத்து வெட்டுங்கள். வெறும் ஸ்கிஃப் (செடியின் மேல்மட்டத்தை மட்டும் சீவுவது) போதாது, துளை விழுந்த கிளைகள் அப்படியே நிற்கும். பென்சில் பருமனும் அதற்கு மேலும் உள்ளவற்றைத் தோட்டத்துக்கு வெளியே வெயிலில் பரப்பிவிடுங்கள். கட்டை காய்ந்தால் பூஞ்சணம் சாகும், புழுவுக்கு உணவில்லை. இலையும் மெல்லிய குச்சியும் செடியடியில் மூடாக்காகக் கிடக்கட்டும்.

வெட்டும் முன் ஒரு வேர்த் துண்டை வெட்டி அயோடினில் நனைத்துப் பாருங்கள். கருநீலம் ஏறாவிட்டால் மீண்டும் துளிர்க்க மாவுச்சத்து போதாது, தள்ளிப்போடுங்கள்.

பதில் 2:
சாலையோர இலைகளைச் செம்பு நிறமாக்கும் சிவப்புச் சிலந்திப் பேன் பற்றி ஒரு எச்சரிக்கை. செடி துளிர்க்கும் வரை ஓரத்தில் இலையோடு விட்டுவைக்கும் கிளைகள்தான் பேனின் ஒளிவிடம். வெட்டிய கையோடு அவற்றின் இலை மேற்பரப்பை லென்ஸில் பாருங்கள். பேனைத் தின்னும் கடுகளவு கறுப்புப் பொறிவண்டோ அதன் புழுவோ தென்பட்டால் கந்தகம் தொடாதீர்கள். கந்தகம் இரைதின்னிச் சிலந்திப் பேன்களையும் பாதிக்கும். பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து அடித்தாலோ பேன் முன்னைவிடப் பெருகும். சாலையோரத்தில் புழுதியும் நிழலின்மையும்தான் மூலகாரணம், ஓரமாக நிழல் மரம் வையுங்கள்.

கேட்டவர்:
பூச்சியைக் கொல்லும் பூஞ்சணமான பவேரியா தெளிக்கலாமா?

பதில் 1:
தெளிக்கலாம், ஆனால் ஈரமான மாலையில், வண்டு வெளியே வரும் சமயத்தில், கிளைகள் நனையும்படி. இலைக் கொப்புள நோய்ப் பூஞ்சணத்தைக் கொல்லும் தாமிர மருந்தோடு கலக்காதீர்கள், பவேரியாவும் பூஞ்சணம்தானே.

பதில் 3:
துளிர் வந்தபின் பக்கத்துப் பாத்தியிலிருந்து தேயிலைக் கொசு (பெயர்தான் கொசு, சாறு உறிஞ்சும் பூச்சி) இறங்கும். அது முட்டையை இளந்தண்டுக்குள் செருகும். இரண்டு மயிரிழைகள் மட்டும் வெளியே நீட்டியிருக்கும். பக்கத்துப் பாத்தியில் ஏழு நாளுக்கு ஒருமுறை தவறாமல் பறித்தால் முட்டைகளும் கூடையோடு போய்விடும். இடைவெளி நீண்டால் எந்த இரைதின்னியாலும் ஈடுகட்ட முடியாது.