பெனிசிலினுக்கு 22 மி.மீ. வளையம்: எதிர்ப்பு என்று அறிக்கை தரலாமா?

கேள்வி (ஆய்வக நுட்புநர், கும்பகோணம்)
வணக்கம். எட்டு வயதுச் சிறுமியின் தொண்டை மாதிரியில், இரத்தத்தை முழுதாகக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வளர்ந்தது, 0.04 யூனிட் பேசிட்ராசின் டிஸ்க்குக்கு (மருந்து ஏற்றிய சிறு தாள் வில்லைக்கு) அடங்கவும் செய்தது. முல்லர்–ஹின்டன் அகாரில் (கிருமி வளர்க்கும் ஊடகத்தில்) 5 சதவீத இரத்தம் கலந்து 10 யூனிட் பெனிசிலின் டிஸ்க் வைத்தேன். டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் 22 மி.மீ.; மருந்து கேட்கும் என்று எழுதக் குறைந்தது வேண்டியதோ 24. மருத்துவர் நாளைக் காலை கேட்பார். கலந்தது இரத்த வங்கியில் காலாவதியான மனித இரத்தம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில் 1 (நுண்ணுயிரியல் பேராசிரியர், தஞ்சாவூர்)
தம்பி, எழுதிவிடாதீர்கள். பெனிசிலின் 1940களில் புழக்கத்துக்கு வந்ததிலிருந்து இன்றுவரை, அதை எதிர்த்து நிற்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜெனிஸ் (உங்கள் தட்டில் வளர்ந்தது போன்ற தொண்டைக் கிருமி) வகை நோயாளிகளிடம் உறுதிசெய்யப்பட்டதில்லை; ஆகவே முதலில் நம் தட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். இரத்தத் தட்டில் மூடியைத் திறந்து, மேலிருந்து வெளிச்சம் படும்படி பிடித்து, வளர்ச்சி நின்ற விளிம்பை அளக்க வேண்டும். இரத்தம் கரைந்த விளிம்பை அளந்தால் வளையம் சிறுத்துத் தெரியும். அகாரின் தடிமன் 4 மி.மீ., தடவிய கிருமிக் கரைசலின் கலங்கல் 0.5 மெக்ஃபார்லேண்ட் (கலங்கலின் அளவீடு), 5 சதவீத கார்பன் டை ஆக்சைடில் 35 டிகிரி, 20 முதல் 24 மணி நேரம்: இவை சரிதானா? மனித இரத்தத்தில் நோய் எதிர்ப்புப் பொருள்களும் (ஆன்டிபாடி), கொடுத்தவர் உட்கொண்ட மருந்தும் இருக்கலாம். செம்மறி ஆட்டு இரத்தத்துக்கு மாறுங்கள்.

பதில் 2 (கால்நடை நோயறிதல் பணியாளர், ஒரத்தநாடு)
மடிநோய்ப் பாலில் இதே தடுமாற்றம் எனக்கும் நேர்ந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குளிர்ந்த டிஸ்க் குப்பியை உடனே திறந்தால் ஈரம் இறங்கிப் பெனிசிலின் வீரியம் இழக்கிறது. அறை வெப்பத்துக்கு வந்தபின்பே திறவுங்கள். ஏ.டி.சி.சி. 49619 என்ற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே வகையை (சோதனை சரியா என்று பார்க்க உதவும் கட்டுப்பாட்டுக் கிருமியை) உடன் வைத்தால், அதற்குப் பெனிசிலின் வளையம் 24க்கும் 30க்கும் இடையே விழ வேண்டும். விழாவிட்டால் குறை டிஸ்க்கிலோ தட்டிலோதான்.

கேள்வி கேட்டவர்
ஐயா, மருத்துவரிடம் அவகாசம் கேட்டு, புதிய டிஸ்க், ஆட்டு இரத்தத்துடன் மீண்டும் செய்தேன். பெனிசிலின் 27 மி.மீ. கட்டுப்பாட்டு வகையும் சரியாக இருந்தது. ஆனால் எரித்ரோமைசின் வளையம் 13தான். கிளிண்டாமைசினுக்கு 21 வந்தும், எரித்ரோமைசினை நோக்கிய பக்கம் தட்டையாக இருக்கிறது. இரண்டு டிஸ்க்கின் விளிம்புகளுக்கும் இடைவெளி 12 மி.மீ.

பதில் 1 (தொடர்ச்சி)
அதுதான் டி (ஆங்கில D எழுத்து) வடிவம், தம்பி. வளையம் 21 இருந்தாலும் கிளிண்டாமைசினை எதிர்ப்பு என்றே எழுத வேண்டும், ஏனெனில் எரித்ரோமைசின் அருகில் இருக்கும்போது அந்த எதிர்ப்பு தூண்டப்படுகிறது. பெனிசிலினுக்கு எதிர்ப்பு என்று எழுதியிருந்தால், மருத்துவர் மாற்றாக முதலில் எடுத்திருக்கக்கூடிய மருந்து எரித்ரோமைசின் வகைதான். அது இந்தக் குழந்தைக்குக் கேட்டிருக்காது. இன்றே அறிக்கை அனுப்புங்கள்.